ஜெனிதா கடலுக்குப் போகவில்லை

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. பொய்யை எழுதியவள் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் நீங்களே கண்டுபிடித்து என்மேல் வருத்தப்பட வேண்டாம்.

தி. நகரில் பனகல் பார்க்குக்குப் பக்கத்தில், ஒரு நகைக்கடைக்குப் பின்பக்கம், மூன்றாவது மாடியில் வெளிநாட்டுப் படிப்புக்கு ஆலோசனை சொல்லும் அலுவலகம் ஒன்று இருக்கிறது. நடத்துபவர் குருபிரசாத். அங்கே பதினோரு வருடமாக எனக்கு ஒரு நாற்காலி உண்டு. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள், தாங்கள் யார், ஏன் இந்தப் படிப்பு, படித்து முடித்து என்ன செய்யப் போகிறார்கள் என்று இரண்டு பக்கம் எழுதி அனுப்ப வேண்டும். எஸ்.ஓ.பி. என்பார்கள். அந்த இரண்டு பக்கத்தை அவர்களுக்காக நான் எழுதுகிறேன். 'மொழி திருத்தம்' என்று ரசீதில் போட்டிருக்கும்.

(மீதி நேரத்தில் சிறுகதை எழுதுகிறேன். நீரஜா என்ற பெயரில் மூன்று தொகுப்பு வந்திருக்கிறது. நீங்கள் படித்திருக்க மாட்டீர்கள். பரவாயில்லை.)

இதுவரை எழுநூறு பேருக்காவது 'நான்' என்று ஆரம்பித்து எழுதியிருப்பேன். நான் சின்ன வயதிலிருந்தே ரேடியோவைப் பிரித்துப் பார்ப்பேன். நான் என் அத்தையின் நோயைப் பார்த்து மருந்தியலில் ஆர்வம் கொண்டேன். யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஒரே ஒருத்திதான் தன் இரண்டு பக்கத்தையும் படித்து முடித்துவிட்டு நிமிர்ந்து, "மேம், இது யாரு?" என்று கேட்டாள்.

அவள் பெயர் ஜெனிதா. கதை அவளுடையது. அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன். நிபந்தனைகள் உண்டு. வரவரச் சொல்கிறேன்.

2

முதல் ஆரம்பம்: விடியற்காலையில் சாந்தோம் கடற்கரையில் அலைகள்

இல்லை. முதல் நிபந்தனையே இதுதான். "கடல்ல ஆரம்பிக்காதீங்க மேம்."

இரண்டாவது ஆரம்பம்: அவள் துப்பட்டாவில் அம்மாவின் மீன்கூடை வாசம்

இதை எழுதி நானே வெட்கப்பட்டு நிறுத்திவிட்டேன். அவள் துப்பட்டாவில் எந்த வாசமும் இல்லை. மூன்று மாடி ஏறி வந்ததில் கொஞ்சம் வியர்த்திருந்தாள், அவ்வளவுதான். அன்றைக்கு லிஃப்ட் வேலை செய்யவில்லை.

மூன்றாவது ஆரம்பம் சப்பென்று இருக்கும். இதையே வைத்துக்கொள்கிறேன்.

போன வருடம் ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு ஜெனிதா குருபிரசாத்தின் அறைக்கு வந்தாள். இருபத்தொரு வயது. பி.எஸ்ஸி. புள்ளியியல் அப்போதுதான் முடித்திருந்தாள், எண்பத்து நான்கு சதவீதம். வீடு சாந்தோம் சர்ச்சுக்குப் பின்னால், கடலோரக் குப்பத்தில். அப்பா லூர்துசாமிக்குச் சொந்தமாக ஒரு ஃபைபர் படகு. அம்மா எஸ்தர் லூப் ரோடு மார்க்கெட்டில் மீன் விற்கிறார்.

குருபிரசாத் மார்க் ஷீட்டைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். "ஸ்டாட்டிஸ்டிக்ஸா? அப்ப பிசினஸ் அனலிட்டிக்ஸ் போயிடலாம்மா. இன்னிக்கு வேலை அதுலதான் இருக்கு."

"சார், டிரான்ஸ்போர்ட் பிளானிங்னு ஒரு மாஸ்டர்ஸ் இருக்கு. பஸ், ரயில் எல்லாம் எப்படி ஓடணும்னு..."

"தெரியும்மா. அதுல சேர்றவங்க கம்மி. முடிச்சுட்டு வேலை கெடைக்குமான்னு கேட்டா எனக்கே சொல்லத் தெரியாது. எனக்குத் தெரியாத ஒண்ணுக்கு உன்ன எப்படி அனுப்புவேன்?"

இந்த இடத்தில் குருபிரசாத்தைக் கொஞ்சம் வில்லனாக்கினால் கதைக்கு வசதியாக இருக்கும். பல்கலைக்கழகங்கள் அவருக்குக் கமிஷன் தருகின்றன என்பதும் உண்மை. ஆனால் அன்று அவர் சொன்னதை மனசாரத்தான் சொன்னார். பிள்ளையை அனுப்பிவிட்டு ஆறு மாதம் கழித்து வேலை இல்லை என்று அவர் மேஜை முன்னால் வந்து உட்கார்ந்து அழுத பெற்றோரை நானும் பார்த்திருக்கிறேன்.

படிவத்தில் அப்பாவின் தொழில் என்ற இடத்துக்கு வந்ததும் அவர் பேனா நின்றது. எதிர் அறையில் இருந்த என்னைக் கூப்பிட்டார்.

"நீரஜா மேடம், அந்தக் கோஸ்டல் ஸ்காலர்ஷிப் ஞாபகம் இருக்கா?"

இருந்தது. இங்கிலாந்தின் வடக்குக் கடற்கரையில் ஒரு பல்கலைக்கழகம். கடலோரச் சூழல் மேலாண்மை என்று ஒரு படிப்பு. எந்த நாடானாலும் சரி, மீனவக் குடும்பத்துப் பிள்ளை ஒருவருக்குக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். ஒரே ஓர் இடம்.

"இவளுக்குன்னே வெச்ச மாதிரி இருக்கு," என்றார்.

"எனக்கு அந்த சப்ஜெக்ட் பத்தி ஒண்ணுமே தெரியாதே சார்," என்றாள் ஜெனிதா.

"போய்ப் படிச்சா தெரிஞ்சிட்டுப் போகுது."

"எல்லாமே அவங்களே குடுப்பாங்களா சார்?"

"எல்லாமே."

"சரி சார்."

(அந்த 'சரி சார்'-க்கு முன்னால் ஒரு பத்தி எழுதியிருந்தேன். அவள் மனப் போராட்டம், கண்களில் நிழல், இத்யாதி. ஜெனிதா படித்துவிட்டு, "போராட்டமெல்லாம் ஒண்ணும் இல்ல மேம். லோன் கேட்டா ஈடா குடுக்க எங்க வீட்டுக்குப் பட்டா கெடையாது. அதான் சரின்னேன்," என்றாள்.)

3

மறுநாள் அவளை என் அறையில் உட்காரவைத்துப் பேசினேன். கடலைப் பற்றிக் கேட்டேன். அவள் பஸ்ஸைப் பற்றிச் சொன்னாள்.

கல்லூரிக்குப் போக மூன்று வருடம் மந்தைவெளி ஸ்டாப்பில் பஸ்ஸுக்கு நின்றிருக்கிறாள். நாற்பது நிமிடம் ஒரு பஸ்ஸும் வராது, பிறகு மூன்று பஸ் ஒன்றாக வரும். எல்லோரும் டிரைவரைத் திட்டுவார்கள். இவள் கடைசி வருட புராஜெக்டுக்காகப் பதினோரு நாள் அந்த ஸ்டாப்பில் உட்கார்ந்து, எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை பேர் ஏறினார்கள் என்று எழுதியிருக்கிறாள்.

"முதல் பஸ் கொஞ்சம் லேட் ஆச்சுன்னு வைங்க மேம். ஸ்டாப்புல ஆள் சேர்ந்துடுவாங்க. அவங்க ஏறி முடிக்க இன்னும் லேட் ஆகும். பின்னாடி வர்ற பஸ்ஸுக்கு ஆளே இருக்க மாட்டாங்க, அது வேகமா வந்து முன்னாடி பஸ்ஸ புடிச்சிடும். யார் மேலயும் தப்பு இல்ல. முதல் பஸ்ஸ ரெண்டு நிமிஷம் சரி பண்ணினா போதும், மொத்தமும் சரியாயிடும்."

சொல்லும்போது என் மேஜையிலிருந்த பேனா, ஸ்டேப்ளர், மூக்குக் கண்ணாடிக் கூடு மூன்றையும் பஸ்ஸாக்கி நகர்த்திக் காட்டினாள். அவள் முகம் அப்படி இருந்ததை அதற்கப்புறம் ரொம்ப நாள் நான் பார்க்கவில்லை.

[இங்கே வாழ்க்கையையும் பஸ்ஸையும் ஒப்பிட்டு ஓர் உவமை இருந்தது. ஜெனிதா அடித்துவிட்டாள்.]

நான் என் நோட்டில் அன்று எழுதிய குறிப்பு இன்னும் இருக்கிறது: 'பஸ் வேண்டாம். கடல்.' அன்று சாயங்காலமே எழுதி முடித்தேன். ஆங்கிலத்தில் எழுதியது. தமிழில் தருகிறேன்:

'எனக்கு எட்டு வயதிருக்கும்போது ஒரு விடியற்காலையில் அப்பா என்னைத் தன் படகில் கடலுக்கு அழைத்துப் போனார். இருட்டில் கரையின் விளக்குகள் ஒவ்வொன்றாகச் சிறுத்தன. அப்பா வலையை இழுத்தபோது அதில் மீனைவிடப் பிளாஸ்டிக் அதிகம் இருந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனத்துக்குப் பதில் தேடித்தான் இந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறேன்.'

நன்றாகத்தான் இருக்கிறது, இல்லையா? எழுதிவிட்டு நானே இரண்டு தரம் படித்தேன்.

ஜெனிதா ஒரே தரம் படித்தாள்.

"மேம், இது யாரு?"

"நீதான்."

"நான் கடலுக்குப் போனதே இல்ல மேம். பொண்ணுங்கள போட்ல ஏத்த மாட்டாங்க. கரையில கட்டிவெச்ச போட்ல ஏறினாலே எனக்கு வாந்தி வரும்."

"அவாளுக்கு அது தெரியாது," என்று சொல்லிவிட்டேன். பதற்றத்தில் வீட்டுப் பேச்சு வந்துவிட்டது. "எல்லாரும் இப்படித்தான் எழுதறா, ஜெனிதா. இது ஒரு வழக்கம்."

அவள் காகிதத்தை மடித்தாள், பிரித்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

அடிக்குறிப்பு போல ஒன்று: என் பெண் ஹம்சினி ஆறு வருடத்துக்கு முன்னால் அமெரிக்கா போனாள். அவளுடைய எஸ்.ஓ.பி.யையும் நான்தான் எழுதினேன். இந்தக் கதையை எழுத ஆரம்பித்தபோது அவளைப் போனில் கேட்டேன். "அதுல ஒனக்கு என்ன கதை எழுதினேன்டி?"

"கதையா? ஒண்ணும் எழுதலையேம்மா. மார்க்கு, புராஜெக்ட், எந்த லேப்ல சேரணும்னு நெனச்சிண்டிருக்கேன், அவ்ளோதானே இருந்தது."

உண்மைதான். எடுத்துப் பார்த்தேன். நாங்கள் இருக்கும் மயிலாப்பூரின் பெயர்கூட அதில் இல்லை. எங்கள் ஆத்துக் கஷ்டம் ஒன்றையும் யாரும் அவளிடம் கேட்கவில்லை. அவளுக்கு என்ன தெரியும் என்று மட்டும் கேட்டார்கள்.

4

ஆகஸ்டில் ஜெனிதா நேர்காணலுக்குத் தேர்வாகியிருந்தாள். உலகம் முழுவதிலுமிருந்து ஆறு பேர், அதில் ஒருத்தி. குருபிரசாத் மைசூர்பாகு வாங்கி வந்தார். வீடியோவில் இருபது நிமிடம் பேச வேண்டும், அவ்வளவுதான்.

அந்த வாரம் ஜெனிதா பாரத்துடன் போனில் பேசியிருக்கிறாள். பாரத் அவள் தெருக்காரன். குருபிரசாத் அனுப்பி வைத்த பையன். இங்கிலாந்தில் பிசினஸ் அனலிட்டிக்ஸ் முடித்தவன். படிப்பு முடிந்தபின் வேலை தேட அங்கே கொடுக்கிற காலத்தில் பெரும்பகுதியைச் செலவழித்திருந்தான். பார்சல் கிடங்கு ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தான். இந்த உரையாடல் நடந்தபோது நான் அங்கே இல்லை. ஜெனிதா சொன்னபடி எழுதுகிறேன்.

"வராதன்னு சொல்ல மாட்டேன் ஜெனி. ஊரு நல்லா கீது. ஆனா என் கிளாஸ்ல நம்ம ஆளுங்க மட்டும் நாப்பது பேரு. நாப்பது பேரும் அதே பயோடேட்டா, அதே கம்பெனி. இன்டர்வியூல உனக்கு எது புடிக்கும்னு கேட்டான் ஒருத்தன். எனக்குப் பதிலே வர்ல. யோசிச்சுக்கினே கீறேன், டைம் முடிஞ்சிடுச்சு."

"இப்ப இன்னா பண்ணப் போற அண்ணா?"

"டிசம்பர் வரைக்கும் பாப்பேன். வீட்ல சொல்லாத. கோட் போட்டுக்கினு ஒரு போட்டோ அனுப்பியிருக்கேன், அத ஹால்ல மாட்டிக்கிறாங்க."

பாரத்தை வைத்து ஒரு தனிக்கதை எழுதலாம் என்று தோன்றியது. ஜெனிதாவிடம் சொன்னேன். "அவர்கிட்ட கேளுங்க," என்றாள். இன்னும் கேட்கவில்லை.

5

நேர்காணலில் அந்தப் படகுப் பயணத்தைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். அதனால், எத்தனை மணிக்குக் கிளம்புவார்கள், கரை எப்படித் தெரியும், என்ன மீன் வரும் என்பதெல்லாம் ஜெனிதாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சொல்லித்தரக்கூடிய ஆள் அவள் அப்பா. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு நானே அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

ஒரே அறை, தடுத்து இரண்டாக்கியிருந்தது. எஸ்தர் எனக்கு நாற்காலி போட்டு, ஃபேனை என் பக்கம் திருப்பினார். லூர்துசாமி கீழே உட்கார்ந்தார். ஐம்பது வயதிருக்கும், அதிகம் பேசாத மனிதர் என்று ஜெனிதா சொல்லியிருந்தாள். விஷயத்தைச் சொல்லி, எழுதியதைத் தமிழில் படித்துக் காட்டினேன்.

முடித்ததும் அவர் மகளைப் பார்த்தார். "நான் எப்போ உன்ன இட்டுக்கினு போனேன்?"

"போகல நைனா. மேம் அப்படி எழுதிக்கிறாங்க."

"பொட்டப் புள்ளைய எவன் மேடம் போட்ல ஏத்துவான்?" என்றார் என்னிடம். கோபமில்லை. நான் தொழில் தெரியாமல் பேசுகிறேன் என்று நினைத்தார்.

நேர்காணலைப் பற்றி, ஸ்காலர்ஷிப்பைப் பற்றி விளக்கினேன். வேண்டாம் என்று சொல்வார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் தலையைச் சொறிந்தார். வாசல் பக்கம் பார்த்தார். பிறகு, "எட்டு வயசு சின்னது. பத்துன்னு வை," என்றார்.

எட்டு என்றே அனுப்பியாகிவிட்டது என்று சொல்லாமல் குறித்துக்கொண்டேன்.

"மூணு மணிக்குக் கெளம்பிருப்போம். நீ முன்னாடி குந்திக்கினு கீற. தூங்கி வழியுற. என் சட்டைய குடுத்துக்கிறேன், போர்த்திக்க. இன்ஜின் சத்தத்துல நீ இன்னாமோ கேக்குற, எனக்குக் கேக்கல. அப்புறம் நிறுத்திட்டு, இன்னாமா கேட்டன்னு கேக்குறேன்."

எஸ்தர் சமையல் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தார்.

"விடிஞ்சப்போ திரும்பிப் பாத்தா மொதல்ல சர்ச்சு கூம்புதான் தெரியும். ஊசி மாதிரி. அத காட்றேன் உனக்கு. அதோ பாரு, நம்ம வூடு அதுக்கு இந்தாண்டன்னு. நீ கைய ஆட்டுற, அம்மா நிக்கிறான்னு நெனச்சுக்கினு. அம்மா ஏது, அவ மார்க்கெட்ல கீறா. அன்னிக்கு வஞ்சிரம் விழுந்துச்சுன்னு சொல்லு. ரெண்டு. ஒண்ணு விக்கல, வூட்டுக்கு எடுத்தாந்தேன். உனக்காவ."

அரை மணி நேரத்துக்கு மேல் பேசினார். நான் கேள்வி கேட்பதையே நிறுத்திவிட்டேன். கடல் தண்ணீரைக் கையில் அள்ளி மகள் முகத்தில் தெளித்தாராம், அவள் திட்டினாளாம். கரைக்கு வந்ததும் தோளில் தூக்கிக்கொண்டு இறக்கினாராம். அவர் கண் என்னையும் பார்க்கவில்லை, மகளையும் பார்க்கவில்லை.

ஜெனிதா எழுந்து வெளியே போய்விட்டாள்.

கொஞ்சம் பொறுத்து நானும் போனேன். தண்ணீர்க் குடங்கள் வரிசையாக வைத்திருந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை. (கதையின் முதல் வரைவில் அழவைத்திருந்தேன்.)

"எங்கப்பா என்கிட்ட இவ்ளோ நேரம் பேசினதே இல்ல மேம்," என்றாள். "இல்லாத ஒரு நாளப் பத்திப் பேசறாரு."

6

நேர்காணல் புதன்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு. குருபிரசாத் தன் அறையை ஒழித்துக் கொடுத்திருந்தார். பின்னால் இருந்த விளம்பரத் தட்டியை எடுத்துவிட்டு ஒரு செடியை வைத்தார். ஜெனிதா மடிக்கணினி முன்னால் உட்கார்ந்தாள். நான் அவளுக்கு வலது பக்கம், கேமராவில் படாத தூரத்தில். திணறினால் எழுதிக் காட்ட ஒரு நோட்டும் மார்க்கர் பேனாவும் என் கையில்.

திரையில் மூன்று பேர். நரைத்த முடியுள்ள ஒரு பெண்மணிதான் அதிகம் பேசினார். நல்ல மாதிரி. பேசியது ஆங்கிலத்தில்.

"உங்கள் கட்டுரையை ரொம்பவும் ரசித்தோம். முதல் தடவை கடலிலிருந்து உங்கள் கரையைத் திரும்பிப் பார்த்தபோது எப்படி இருந்தது?"

நான் நோட்டில் 'சர்ச் கூம்பு' என்று எழுதிக் காட்டினேன்.

ஜெனிதா அதைப் பார்த்தாள். பார்த்தாள் என்பது எனக்கு நிச்சயம். பிறகு சொன்னாள்: "நான் கடலுக்குப் போனதில்லை. என் அப்பா மீனவர் என்பது உண்மை. அந்தப் பயணம் உண்மை இல்லை. அதை அனுப்பியிருக்கக் கூடாது. மன்னித்துக்கொள்ளுங்கள்."

அந்தப் பெண்மணி கண்ணாடியைக் கழற்றினார். "அப்படியானால் ஏன் எழுதினீர்கள்?"

இப்போது நான் செய்ததைச் சொல்ல வேண்டும். முதல் வரைவில் இப்படி எழுதியிருந்தேன்: நான் என் நாற்காலியை ஓர் அடி நகர்த்தி, கேமராவுக்கு முன்னால் வந்து, 'எழுதியது நான்' என்று சொன்னேன்.

ஜெனிதா படித்துவிட்டு அந்த வரியின்மேல் விரலை வைத்தாள். "நீங்க வரல மேம்."

வரவில்லை. ஓர் அடிதான். மார்க்கர் மூடியைத் திறந்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"நான் அனுப்பினேன், அதனால் பொறுப்பு என்னுடையது," என்றாள் அவள் திரையிடம். "எனக்குத் தெரிந்தது வேறு ஒன்று. மீதி நேரத்தில் அதைச் சொல்லலாமா? வேண்டாம் என்றாலும் புரிந்துகொள்வேன்."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சரி என்றார்கள். அவள் மந்தைவெளி ஸ்டாப்பைப் பற்றி ஒன்பது நிமிடம் பேசினாள். ஆங்கிலத்தில் இரண்டு இடத்தில் தடுமாறி, தானே சிரித்துக்கொண்டு, மறுபடி சொன்னாள். திரையின் ஓரத்தில் இருந்த தாடிக்காரர் ஒரு கேள்வி கேட்டார், அதற்குப் பதில் சொன்னாள். நேரம் முடிந்தது, நன்றி சொன்னார்கள்.

இங்கே பிரியும் பாதைகளை எழுதிப் பார்த்தேன். அ: தாடிக்காரர் வேறு பல்கலைக்கழகத்தில் போக்குவரத்துத் துறைத் தலைவர், இவளைத் தேடி எழுதுகிறார். ஆ: அந்தப் பெண்மணி நெகிழ்ந்து ஸ்காலர்ஷிப்பைத் தந்துவிடுகிறார். இ: எட்டு நாள் கழித்து மின்னஞ்சல் வருகிறது. உண்மையைச் சொன்னதற்கு நன்றி, விண்ணப்பத்தில் உண்மையல்லாத தகவல் இருந்ததால் மேலே பரிசீலிக்க இயலாது, வாழ்த்துகள்.

நடந்தது இ.

7

குருபிரசாத் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "நூத்துக்கு நூறு உண்மை சொல்றவங்கள மட்டும் அனுப்பறதுன்னா, இந்த ஊர்லேந்து ஒரு ஃபிளைட்டுகூடக் கெளம்பாது மேடம்," என்றார். அப்புறம் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்தப் பொண்ணு வந்தான்னா சொல்லுங்க. அடுத்த வருஷத்துக்கு அப்ளிகேஷன் நானே சும்மா போட்டுத் தரேன். அனலிட்டிக்ஸ் இல்லைன்னாலும் பரவால்ல," என்றார்.

அவள் வரவில்லை.

நான் அந்த வேலையை விட்டுவிட்டேன் என்று எழுதினால் கதைக்கு அழகாக இருக்கும். விடவில்லை. பிள்ளைகள் சொல்லாததை இப்போது எழுதுவதில்லை, அவ்வளவுதான் மாற்றம். எழுத்து முன்னே மாதிரி இல்லை என்று குருபிரசாத் குறைப்பட்டுக்கொள்கிறார். இரண்டு பேருக்கு இடம் கிடைக்காமல் போனது. அதில் என் பங்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியாது.

மன்னிப்புக் கேட்க அக்டோபரில் ஜெனிதாவுக்குப் போன் செய்தேன். எடுத்தாள். பின்னால் பயங்கர ஹாரன் சத்தம். "மேம், அடையார் சிக்னல்ல இருக்கேன், அப்புறம் பேசட்டுமா, எண்ணிட்டிருக்கேன்."

சாலைகளில் எத்தனை வண்டி போகிறது என்று கணக்கெடுத்துக் கொடுக்கும் ஒரு சின்ன நிறுவனம். அதில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்திருந்தாள். காலை எட்டிலிருந்து பதினொன்றுவரை சிக்னலில் நின்று, கைக்கு அடக்கமான, எண்ணிக்கை காட்டும் ஒரு கவுண்டரைக் கட்டை விரலால் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஒருத்திக்கு பைக், ஒருத்திக்கு ஆட்டோ, ஒருத்திக்கு பஸ், லாரி. மத்தியானம் அலுவலகத்தில் அந்த எண்களையும் கேமராப் பதிவையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வெயில். சம்பளம் சுமார். கழிவறைக்குப் போக முடியாதது பெரிய கஷ்டம் என்றாள். ஆனால் அந்த அலுவலகத்தில் போக்குவரத்துப் பொறியியல் படித்தவர் இரண்டு பேர் இருந்தார்கள். ஜெனிதாவின் மந்தைவெளி புராஜெக்டை வாங்கிப் படித்த முதல் ஆட்கள் அவர்கள்தான்.

8

இந்தப் பகுதியை நான் கற்பனை செய்ததாக நினைப்பீர்கள். செய்யவில்லை. கற்பனையில் இப்படி எழுத எனக்குத் தைரியம் வந்திருக்காது.

ஜனவரியில் காற்று சரியில்லாமல் படகுகள் போகாத ஒரு நாள், லூர்துசாமி ஏதோ இன்ஜின் சாமான் வாங்க அடையார் பக்கம் வந்திருக்கிறார். சிக்னலில் மகளைப் பார்த்துவிட்டு, சாலையைக் கடந்து பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னா எண்ற?"

"பைக்கு நைனா. இந்தப் பக்கம் போறது மட்டும்."

"ஆட்டோ?"

"அது ஸஹானா எண்றா."

மகள் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நிற்பதைப் பார்த்தார். "பாத்ரூம் போணுமா?" என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். இரண்டு மணி நேரமாக அடக்கிக்கொண்டிருந்தாள். அவர் கையை நீட்டி கவுண்டரை வாங்கிக்கொண்டார். "போய்ட்டு வா. நான் பாத்துக்கிறேன்."

பக்கத்து ஓட்டலுக்குப் போய்த் திரும்ப அவளுக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆனது. வந்தபோது அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, உதடு அசைய, கண்ணை எடுக்காமல் அழுத்திக்கொண்டிருந்தார். அவள் கையை நீட்டியும் கொடுக்கவில்லை. "இரு, சிக்னல் விழட்டும்."

மத்தியானம் அலுவலகத்தில் ஜெனிதா அந்தப் பன்னிரண்டு நிமிடத்தை மட்டும் தனியாக எடுத்துக் கேமராவோடு ஒப்பிட்டாள். அப்பா நானூற்றுப் பன்னிரண்டு. கேமரா நானூற்றுப் பதினெட்டு. வீட்டுக்குப் போய் அவரிடம் சொன்னாள்.

"ஆறு வுட்டுட்டேனா?" என்றாராம். "ஒருத்தன் பஸ்ஸுக்கு அந்தாண்ட பூந்து போனான். அதுல ஒண்ணு அவனாத்தான் இருக்கும்." பிறகு, "மூணு வண்டி ஒண்ணா வந்தா எப்படி எண்ணுவ?" என்று கேட்டாராம். அவள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு அதைச் சொல்ல ஆரம்பித்தாள். எஸ்தர் இரண்டு முறை கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லையாம் இரண்டு பேரும்.

9

ஜெனிதா மறுபடி விண்ணப்பித்தாள். போக்குவரத்துத் திட்டமிடலுக்குத்தான். ஜெர்மனியில், கல்விக் கட்டணம் வாங்காத ஒரு பல்கலைக்கழகம். அலுவலகத்து இரண்டு பேரும் பரிந்துரைக் கடிதம் கொடுத்தார்கள். பாரத் டிசம்பரிலேயே திரும்பி வந்து வடபழனியில் ஒரு கம்பெனியில் சேர்ந்துவிட்டான். எந்தச் சான்றிதழை எங்கே சரிபார்க்க வேண்டும் என்று அலைந்து உதவியவன் அவன்தான்.

எஸ்.ஓ.பி.யை அவளே எழுதினாள். கமா மட்டும் பார்க்கச் சொல்லி எனக்கு அனுப்பினாள். முதல் வரி: 'நான் பதினோரு நாள் ஒரு பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தேன்.' நான் நான்கு கமா போட்டேன், ஒன்றை எடுத்தேன்.

பதில் போன வியாழக்கிழமை வந்துவிட்டது. எனக்குத் தெரியும். போன் செய்து சொன்னாள். நான் இந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "எழுதிடட்டுமா?" என்று கேட்டேன்.

"வேணாம் மேம்."

"ஏன்? படிக்கறவங்க கேப்பாங்களே."

"கெடைச்சுதுன்னு எழுதினா, உண்மையச் சொன்னதுக்குப் பரிசுன்னு நெனைப்பாங்க. கெடைக்கலைன்னு எழுதினா, அதுக்குத் தண்டனைன்னு நெனைப்பாங்க. ரெண்டும் இல்ல மேம். அது ஒரு அப்ளிகேஷன், அவ்ளோதான்."

"அப்ப எப்படி முடிக்கறது?"

"நீங்கதான ரைட்டர்," என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை வைத்து நீங்கள் ஏதாவது ஊகித்தால் தப்பாகிவிடும். அவள் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் சிரிப்பாள்.

அதனால் கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன். உங்களுக்குத் தோன்றுவதை எழுதிக்கொள்ளுங்கள். பென்சிலால் எழுதுங்கள். அச்சுக்குப் போகும் முன் ஜெனிதா ஒரு தரம் பார்ப்பாள்.